மங்களூர்க் கொல்லையும் அடிபந்தாட்டமும்

விருத்தாசலம் என்றாலே பீங்கான்தான் நம் நினைவுக்கு வரும். அங்கிருந்து மேற்கே, வேப்பூரைக் கடந்து மங்களூரை நெருங்கினால், பருத்தியும் மக்காச்சோளமும் விளையும் மானாவாரிக் காடுகளைக் காண்கிறோம். அறுவடை முடிந்த கொல்லைகளே இங்குள்ள சிறுவர்க்கு விளையாட்டுத் திடல்.

கிட்டிப்புள் ஆடிப் பழகிய நம் மக்களுக்கு, பேஸ்பால் எனப்படும் அடிபந்தாட்டம் முற்றிலும் அந்நியமன்று. பறந்து வருவதைக் கீழே விழுமுன் பிடித்தால் அடித்தவர் ஆட்டமிழப்பார் என்பது இரண்டிற்கும் பொது விதி. அடிபந்தில் அணிக்கு ஒன்பதின்மர். சாய்சதுரமாய் நான்கு தளங்கள். பெரியோர்க்குத் தள இடைவெளி 90 அடி, சிறுவர்க்கு 60 அடி. மூவர் ஆட்டமிழந்தால் முறை மாறும்.

இதன் அடிப்படைகள் எளியவை. எறியும்போது தோளை இலக்குக்குத் திருப்பி, முன்காலை அதை நோக்கி வைக்க வேண்டும். உருண்டுவரும் பந்துக்குக் காத்து நில்லாமல், முன்சென்று, முழங்கால் மடித்து, இரு கைகளாலும் அள்ள வேண்டும். பந்து தம்மிடம் வராதபோதும் ஒருவரும் வாளாவிருத்தல் ஆகாது. தோழன் தவறவிட்டால் தடுப்பதற்கு அவன் பின்னே ஓடி நிற்க வேண்டும். தான் ஆட்டமிழப்பது உறுதியென்று அறிந்தும், பந்தை மெல்லத் தட்டிவிட்டுத் தோழனை அடுத்த தளத்திற்கு முன்னேற்றும் 'தியாக அடி' இவ்வாட்டத்தின் சிறந்த உத்திகளுள் ஒன்று. குடும்பத்தில் மூத்த பிள்ளைகள் பலர் செய்வதும் இதுவன்றோ?

பயிற்சியின் வலிமைக்குச் சான்றும் உண்டு. உத்தரப் பிரதேசத்து ஈட்டி எறியும் இளைஞர்களான ரிங்கு சிங், தினேஷ் பட்டேல் இருவரும், முன்பு ஆடியே அறியாத இவ்வாட்டத்தைக் கற்று, 2008இல் அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் நிறுவனத்தில் ஒப்பந்தம் பெற்றனர்.

ஆயினும் பயிற்றுநர்க்கு ஓர் எச்சரிக்கை. ஈரம் உலராத பச்சைக் கலத்தைச் சூளையிலிட்டால் அது வெடிக்கும் என்பதைப் பீங்கான் தொழிலாளர் அறிவர். வளரும் முழங்கையும் அத்தகையதே. அமெரிக்காவின் லிட்டில் லீக் அமைப்பு 2007 முதல் சிறுவர் வீசும் பந்துகளுக்கு எண்ணிக்கை வரம்பு வகுத்துள்ளது: பத்து வயதினர்க்கு நாளொன்றுக்கு 75, பன்னிரண்டு வயதினர்க்கு 85. அதன்பின் ஓய்வும் கட்டாயம். நம் கிரிக்கெட் பிள்ளைகளையும் இதே கவனத்துடன் காப்பது நலம். கை வலிக்கிறதென்று சிறுவன் சொன்னால், அன்றைய வீச்சு அத்துடன் நிற்கட்டும். ஒரு நாள் வெற்றிக்காக, நாளை ஏரும் எழுதுகோலும் பிடிக்கவேண்டிய கையை இழக்கலாமா? பெற்றோரே, சிந்திப்போம்.