"ஹார்ன் கேட்டா ஒதுங்கிக்கலாம்!" - உயிரைப் பறிக்கும் தண்டவாள நடை

மரக்காணம் உப்பளத்தில் வரப்புதான் சாலை. விடியும் முன்பே வேலைக்கு வருகிறவர்கள், பாத்திகளுக்கு நடுவே அந்த ஒற்றையடி மண்மேட்டில் ஒருவர் பின் ஒருவராக நடப்பார்கள். எதிரே யாராவது சுமையோடு வந்தால், ஒதுங்கி வழிவிட்டால் போதும்.

மரக்காணத்தில் ரயில் கிடையாது. பஸ் பிடித்துத் திண்டிவனம் போக வேண்டும். அங்கே நேராக, மேடாக, சேறில்லாமல் நீளும் தண்டவாளத்தைப் பார்த்தால், இதுவும் ஒரு வரப்பு மாதிரிதானே என்று தோன்றும். சுற்றிப் போனால் பத்து நிமிடம். இப்படிப் போனால் இரண்டே நிமிடம். ரயில் வந்தால் சத்தம் கேட்காதா என்ன?

கேட்காமல் போகலாம் என்பதுதான் உண்மை.

மணிக்கு 110 கி.மீ. வேகத்தில் வரும் ரயில், ஒரு விநாடியில் 30 மீட்டரைத் தாண்டிவிடும். அரை கிலோமீட்டர் தூரத்தில் அது கண்ணில் பட்டால், உங்கள் கையில் இருப்பது 16 விநாடிதான். டிரைவர் உங்களைப் பார்த்து பிரேக் போட்டாலும், ரயில் நிற்க ஒரு கிலோமீட்டர் வரைகூட ஆகலாம். பஸ் போல அதை வளைத்துத் திருப்பவும் முடியாது. ஹார்னை அழுத்திக்கொண்டே பார்த்திருப்பதைத் தவிர, அவருக்கு வேறு வழியில்லை.

மின்சார ரயில் நெருங்கும் வரை பெரிதாகச் சத்தம் வராது. பக்கத்துத் தடத்தில் ஒரு ரயில் போனால், அந்த இரைச்சலில் இன்னொன்று வருவது தெரியாது. காதில் இயர்போன் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

தண்டவாளத்தை ஒட்டி நடப்பதும் ஆபத்துதான். இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே இடைவெளி 1.676 மீட்டர். ஆனால் ரயில் பெட்டியின் அகலமோ சுமார் 3.25 மீட்டர். அதாவது, இரு பக்கமும் இரண்டரை அடி வெளியே நீட்டிக்கொண்டுதான் ரயில் வரும்!

2023 அக்டோபரில், திண்டிவனம் செல்லும் இதே பாதையில், ஊரப்பாக்கம் அருகே மின்சார ரயில் மோதி மூன்று சிறுவர்கள் இறந்தார்கள். அவர்களில் காது கேளாதவர்களும் இருந்தார்கள். 2020 மே 8 அன்று மகாராஷ்டிராவின் ஔரங்காபாத் அருகே, ஊருக்கு நடந்தே கிளம்பிய தொழிலாளர்கள் களைத்துப்போய்த் தண்டவாளத்திலேயே தூங்கிவிட்டார்கள். ஊரடங்குதானே, ரயில் வராது என்ற நம்பிக்கை. விடியற்காலையில் வந்த சரக்கு ரயில் 16 பேரின் உயிரைப் பறித்தது.

தண்டவாளத்தில் அத்துமீறி நடந்தால், ரயில்வே சட்டம் 147-வது பிரிவின்படி 6 மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், இல்லையென்றால் இரண்டும். ஆனால் அபராதத்துக்குப் பயந்து யாரும் நடைமேம்பாலம் ஏறுவதில்லை. படி ஏற முடியாத பாட்டிக்கும், மூட்டை சுமப்பவருக்கும் லிஃப்ட்டோ சுரங்கப்பாதையோ இருந்தால்தான் இந்தப் பழக்கம் மாறும்.

சென்னையிலிருந்து மாமல்லபுரம், புதுச்சேரி வழியாகக் கடலூருக்குக் கடற்கரையோரம் ரயில் பாதை என்ற பேச்சு பல வருடங்களாக இருக்கிறது. அது வரும்போது, மரக்காணம் பக்கத்துப் பிள்ளைகளும் தண்டவாளத்தைத் தாண்டிப் பள்ளிக்கூடம் போக நேரலாம். ரயிலை வேடிக்கை காட்டும்போதே, அது நிற்க எவ்வளவு தூரம் ஆகும் என்பதையும் அவர்களுக்குச் சொல்லிக்கொடுங்கள்!