ஆற்றங்கரையில் 'முதல் மரியாதை'

திரை கட்டும்போதே பாதிக் கூட்டம் கூடிவிடுகிறது. இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, நடுவே வெள்ளைத் துணியை இழுத்துக் கட்டுகிறார்கள். கீழ் ஓரத்துக்குக் கயிறு போதவில்லை. ஒரு பையன் பக்கத்துத் தோப்புக்குள் ஓடி வாழைநார் உரித்துக்கொண்டு வருகிறான். தொட்டியத்தில் கயிறு தீரலாம், வாழைநார் தீராது. காற்று மேற்கிலிருந்து அடிக்கிறது. துணி உப்புகிறது, அடங்குகிறது, மறுபடி உப்புகிறது. "நடுவுல ரெண்டு ஓட்டை போட்டு விடுப்பா, காத்து பூந்து போயிரும்" என்கிறார் சைக்கிளில் சாய்ந்து நிற்கும் ஒருவர். சவுண்டு சர்வீஸ்காரர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஓட்டை போட்டால் அது சிவாஜி முகத்தில்தான் விழும்.

மதுரகாளியம்மன் பங்குனித் திருவிழா முடிந்து ஊர் இன்னும் தூக்கம் தெளியாத நேரம். இந்த அம்மனின் தேர் வடம் பிடித்து இழுக்கிற தேர் இல்லை, தோளில் தூக்கிக்கொண்டு ஊரைச் சுற்றுகிற தேர். தூக்கிய இளைஞர்கள் சிலர் கன்றிப்போன தோளில் எண்ணெய் தடவிக்கொண்டு வந்து, பொட்டலில் துண்டை விரித்துப் படுத்தபடியே படம் பார்க்கத் தயாராகிறார்கள்.

பொட்டல், ஆற்றுக்குப் போகும் வண்டிப்பாதையை ஒட்டி இருக்கிறது. ஒரு பக்கம் முட்டுக்கொடுத்து நிற்கும் பூவன் வாழை. தார் கனத்து எல்லாம் ஒரே திசையில் தலைசாய்ந்திருக்கின்றன. இன்னொரு பக்கம் வெற்றிலைக் கொடிக்கால். தெற்கே நடந்தால் காவிரி. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறப்பது ஜூன் 12. அதுவரை இங்கே காவிரி என்று இருப்பது அகல மணலும், அதில் வழி தெரியாமல் திரியும் நாலைந்து ஓடைகளும், கரை நெடுக நாணலும்தான்.

பெண்கள் கோரைப்பாயோடு வருகிறார்கள். முசிறிப் பக்கத்துக் கோரை. இந்த வட்டாரத்தில் பாய்க்குப் பஞ்சமில்லை. ஆண்கள் வரப்பிலும் மோட்டார் சைக்கிளிலும் இடம் பிடிக்கிறார்கள். வயதானவர்களுக்கு மட்டும் பந்தல்காரர் விட்டுப்போன பிளாஸ்டிக் நாற்காலிகள். ஆண்கள் இந்தப் பக்கம், பெண்கள் அந்தப் பக்கம் என்று யாரும் சொல்லவில்லை. ஆனாலும் பழைய கொட்டகையில் இருந்த குட்டைச் சுவர் இங்கேயும் இருப்பதுபோல் கூட்டம் தானாகவே இரண்டாகப் பிரிந்து உட்கார்கிறது. இன்னும் கொஞ்சம் கூர்ந்து பார்த்தால் பாய்கள் தெருவாரியாகவும் விழுந்திருப்பது தெரிகிறது.

நாற்காலி வரிசையில் பேச்சு டூரிங் டாக்கீசுக்குப் போய்விட்டது. சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு கேட்டால்தான் சோற்றுத் தட்டிலிருந்து எழுவார்களாம். தரை டிக்கெட்டில் மணலைக் குவித்து மேடு கட்டி அதன்மேல் உட்காருவார்களாம். "பின்னாடி இருக்கறவன் அவன் பங்குக்கு அதவிட ஒசரமாக் கட்டுவான். கடேசில படம் பாத்தமோ இல்லியோ, மண்ணு வெட்டுன களைப்பு வந்துரும்." ஒரே புரொஜெக்டர் என்பதால் ரீல் மாற்ற ஒவ்வொரு முறையும் விளக்கு எரியும், ஒவ்வொரு முறையும் முறுக்குத் தட்டு வரும்.

இவர்கள் பேசுகிற கொட்டகைக்குத் தாய்வீடு இங்கிருந்து பஸ் ஏறினால் போய்விடக்கூடிய திருச்சிதான். 1905-ல் அங்கே ரயில்வேயில் வரைவாளராக இருந்த சாமிக்கண்ணு வின்சென்ட், நோய்வாய்ப்பட்டு ஊர் திரும்பவிருந்த துபோன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து புரொஜெக்டரையும் சில துண்டுப் படங்களையும் 2,250 ரூபாய்க்கு வாங்கினார். வேலையை விட்டுவிட்டுக் கூடாரத்தைத் தூக்கிக்கொண்டு இயேசுவின் வாழ்க்கைப் படத்தை ஊர் ஊராகக் காட்டினார். கோயம்புத்தூரில் வெரைட்டி ஹால் கட்டி அவர் நிலைகொண்டது அதற்கப்புறம். தென்னிந்தியாவில் சினிமா முதலில் பொட்டல்வெளிக் கலையாகத்தான் பரவியது, சுவரும் கூரையும் பிறகுதான் வந்தன.

படம் தொடங்குகிறது. பென் டிரைவிலிருந்து ஓடும் பிரதி. பக்கவாட்டில் கொஞ்சம் இழுபட்டிருப்பதால் எல்லோரும் ஒரு சுற்றுப் பெருத்துத் தெரிகிறார்கள். குடிசையில் சாகக் கிடக்கும் மலைச்சாமியாகச் சிவாஜி. விசில் அடிக்க உதட்டில் விரல் வைத்திருந்த ஒரு பெரியவர் விரலை எடுத்துவிடுகிறார். இந்தப் படத்தில் சிவாஜி விசிலுக்கு இடம் கொடுக்கமாட்டார். வசனத்தை விழுங்கிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும் சிவாஜியைத் தமிழர்கள் அதற்கு முன் இந்த அளவுக்குப் பார்த்ததில்லை. 1985 ஆகஸ்ட் 15-ல் படம் வந்தது. அந்த ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படம் என்ற தேசிய விருது அதற்கு, பாடலாசிரியர் விருது வைரமுத்துவுக்கு. கதை எழுதிய ஆர்.செல்வராஜை நினைப்பவர்கள்தான் குறைவு.

பிறகு ஆறு வருகிறது. திரை அகலத்துக்குத் தண்ணீர். பொட்டலில் சட்டென்று ஒரு நிமிர்வு. மார்ச் மாத வறட்சியில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு அவ்வளவு தண்ணீரைக் காட்டினால் அதுவே ஒரு காட்சிதான்.

"டேய், இது நம்ம முசிறிப் பாலத்துக்கு அந்தாண்டடா."

"போடா. ஒகேனக்கல்லு."

"குளித்தலைன்னு எங்க சித்தப்பா சொல்லுவாரு."

கடைசி நாற்காலியில் தலையில் துண்டு கட்டியிருக்கும் பெரியவர் திரும்பாமலே சொல்கிறார்: "மைசூருப் பக்கம்டா தம்பி. அதனால என்ன, இதே தண்ணிதான்."

பெரியவர் சொன்னது சரி. பாரதிராஜா இந்தப் படத்தை எடுத்தது கர்நாடகத்தில், காவிரி ஓரத்துத் தலக்காடு, சிவசமுத்திரம் பக்கத்தில். அங்கே அருவியாக விழுகிற தண்ணீர் மேகதாது இடுக்கில் நெருங்கி, ஒகேனக்கல்லில் சிதறி, மேட்டூரில் அடைபட்டு, பவானிக் கூடுதுறை, ஈரோடு, கொடுமுடி கடந்து, கரூர்ப் பக்கம் அமராவதியைச் சேர்த்துக்கொண்டு, மாயனூர் கதவணைக்குள் புகுந்து வெளியே வந்தால் தொட்டியம். அதற்கப்புறம் முக்கொம்பு, கொள்ளிடம் பிரிந்து திருவரங்கம்.

படம் எடுத்த இடத்திலேயே அந்தப் படத்தைத் திரையிடுவதை வெளிநாட்டு ரசிகர்கள் திட்டம்போட்டுச் செய்கிறார்கள். ஸ்பெயினில் புர்கோஸ் பக்கம் ஒரு பள்ளத்தாக்கு. 1966-ல் 'தி குட், தி பேட் அண்ட் தி அக்லி' படத்தின் கடைசிக் காட்சிக்காக அங்கே ராணுவ வீரர்களை வைத்து ஐயாயிரத்துக்கும் அதிகமான பொய்க் கல்லறைகளை எழுப்பினார்கள். படக்குழு போனதும் புல் மூடிவிட்டது. 2015-ல் ரசிகர்கள் மண்வெட்டியோடு போய், மூன்று பேர் துப்பாக்கியோடு நின்ற அந்த வட்டக் கல்தளத்தைத் தோண்டி எடுத்தார்கள். மறுவருடம், படத்தின் ஐம்பதாம் ஆண்டில், கல்லறைகளுக்கு நடுவே திரை கட்டி அதே படத்தைப் போட்டார்கள். கிளின்ட் ஈஸ்ட்வுட் வீடியோவில் தோன்றி வாழ்த்தினார். அங்கே ரசிகர்கள் இடத்தைத் தேடிப் போக வேண்டியிருந்தது. தொட்டியத்துக்காரர்களுக்கு அந்த அலைச்சல் இல்லை. படம் எடுத்த இடத்துத் தண்ணீர் தானாகவே வந்துசேரும், ஜூன் வரை பொறுத்திருந்தால்.

துண்டு கட்டிய பெரியவர் ஒரு காலத்தில் பரிசல் ஓட்டியவர் என்பது, பரிசல்காரி குயிலாக வரும் ராதாவை அவர் பார்க்கும் பார்வையில் தெரிகிறது. மற்றவர்கள் முகத்தைப் பார்க்கிறார்கள், அவர் துடுப்பைப் பார்க்கிறார். "கை நல்லா வருது. ஆனா இம்புட்டுத் தண்ணியில இவ்வளவு நேராப் போகாதுப்பா, ஒரு சுத்து சுத்திட்டுத்தான் போவும்." பக்கத்தில் இருப்பவர், "அது ராதா. குரல் மட்டும் ராதிகா" என்று தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறார். பெரியவருக்கு அந்தத் தகவல் தேவைப்படவில்லை. மூங்கில் பத்தையை எப்படி வளைப்பது, முன்பெல்லாம் தோல் போர்த்தியதை மாற்றி எப்போது தார் பூசிய சாக்குக்கு வந்தார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். அக்கரைக்குப் போக இன்று பரிசலுக்குக் காத்திருப்பவர் அபூர்வம். மாயனூர் கதவணையின் 98 மதகுகளுக்கு மேலே சாலை ஓடுகிறது. கீழே இறங்கினால் முசிறிப் பாலம். பாலம் வந்ததற்காக யாரும் வருத்தப்படத் தேவையில்லை. பிரசவ வலியோடு பரிசலில் போனவர்கள் இதே பாய்களில்தான் உட்கார்ந்திருக்கிறார்கள்.

இளவட்டக்கல்லைத் தூக்கும் காட்சியில் படுத்திருந்த தேர்தூக்கிகள் எழுந்து உட்காருகிறார்கள். வேறு யாரும் கவனிக்காத ஒன்றை அவர்கள் கவனிக்கிறார்கள்: முழங்கால் எப்போது மடங்குகிறது, மூச்சு எங்கே பிடிக்கப்படுகிறது. கல் மேலே போனதும் ஒருவன் தன் தோளைத் தடவிக்கொள்கிறான்.

ஜெனரேட்டர் ஒரு முறை செருமி நின்றுவிடுகிறது. இருட்டில் சுக்குக் காப்பிக்காரருக்கு வியாபாரம். சிவாஜி ரசிகர் ஒருவர் இந்த இடைவெளிக்காகவே காத்திருந்தவர்போல் ஆரம்பிக்கிறார். விழுப்புரத்தில் பிறந்தாலும் கணேசன் வளர்ந்தது திருச்சி சங்கிலியாண்டபுரத்தில். அங்கிருந்துதான் சின்னப் பையனாக நாடகக் கம்பெனிக்குப் போனார். "நம்ம ஊருக்காரரு" என்று சொல்லி முடிக்கும்போது அவர் குரலில் ஒரு வழக்கும் இருக்கிறது. திருச்சி பாலக்கரை ரவுண்டானாவில் வைத்த சிவாஜி சிலை பல ஆண்டுகள் திறக்கப்படாமல் மூடியே கிடந்தது. ஊர் தன் நடிகனுக்குச் செய்த மரியாதை அந்த லட்சணத்தில் இருந்தது.

விளக்கு வந்ததும் பொன்னாத்தா வருகிறாள். பெண்கள் பக்கம் கொதிக்கத் தொடங்குகிறது. வடிவுக்கரசி அப்போது சின்ன வயதுக்காரர். அந்த வயதில் சிவாஜிக்கு மனைவியாக வந்து, ஊரே திட்டும்படி நடிப்பதற்குத் தைரியம் வேண்டும். குயிலின் குடிசையில் மலைச்சாமி மீனை ரசித்துச் சாப்பிடும்போது பாயில் ஒரு திருப்தி பரவுகிறது. அவரது வீட்டுத் தட்டைக் காட்டும்போது வெற்றிலை மென்றுகொண்டிருந்த ஒரு பாட்டியம்மாள் வெடிக்கிறார்.

"சோத்தப் போடுறா பாரு, வேண்டாதவனுக்குப் போடுற மாதிரி."

பின்னால் குழந்தையை மடியில் போட்டுத் தட்டிக்கொண்டிருக்கும் பேத்தி விடவில்லை. "அவளையும் யாரும் கேட்டுக் கட்டி வைக்கலியே அப்பாயி. மானம் போயிருமுன்னு அவுங்கப்பன் இவரு தலையில கட்டிட்டாரு. இவரு தொடவே மாட்டேன்னு பெரிய மனுசனா இருந்துட்டாரு. அவ சிடுசிடுன்னு இல்லாம வேற எப்புடி இருப்பா?"

"அதுக்குன்னு புருசனுக்கு இப்புடியாடி போடுவாங்க?"

"ஏன், அவரு கைக்குக் கரண்டி எட்டாதா?"

மூன்று பாய்களுக்குச் சிரிப்பு. ஆண்கள் பக்கத்திலிருந்து "படத்தப் பாக்க விடுங்கம்மா" என்று ஒரு குரல். அதற்கும் சேர்த்து இன்னொரு சிரிப்பு. மலைச்சாமியின் துயரத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாகப் படித்திருக்கிறேன். பொன்னாத்தாவுக்காக ஒருவர் வாதாடி நான் முதலில் கேட்டது இந்தக் கோரைப்பாயில்தான்.

படத்தின் பெயரைத் திருவிழா முடிந்த ஊரில் வைத்து யோசித்தால் வேறு ஒரு கனம் வருகிறது. கோயிலில் முதல் மரியாதை யாருக்கு என்ற தகராறில் தமிழ்நாட்டில் திருவிழாக்கள் நின்றிருக்கின்றன, வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போயிருக்கின்றன. பரிவட்டத்துக்குத் தலையை நீட்டிப் பழகிய ஒரு ஊர்ப் பெரியவர், பிழைக்க வந்த பரிசல்காரிக்கு மனசுக்குள் கட்டுகிற பரிவட்டம்தான் இந்தக் கதை. பாரதிராஜா அதைச் சண்டை போட்டுச் சொல்லாமல் ஆற்றில் மிதக்கவிட்டுச் சொன்னார். அதனாலேயே எல்லாத் தெருப் பாய்களும் இதைத் தங்கள் படமாகப் பார்க்கின்றன. அதனாலேயே யாரும் இதைக் கேட்டு மாறவும் இல்லை. இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

முடிவு நெருங்கும்போது ஒரு விசித்திரம். பொன்னாத்தாவின் பழைய ஆள் திரும்பி வருவதும், மலைச்சாமியின் மானத்துக்காகக் குயில் அவனைக் கொன்றுவிட்டுச் சிறைக்குப் போவதும் வரை யாரும் அசையவில்லை. அவள் சிறையிலிருந்து வந்து அந்தக் குடிசைக்குள் நுழைய வேண்டிய நேரத்தில் சரசரவென்று பாய் சுருட்டும் சத்தம். முதலில் ஏமாற்றமாக இருந்தது. கவனித்தபோது புரிந்தது, எழுந்து போகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் படத்தை மனப்பாடமாக அறிந்தவர்கள். மலைச்சாமி சாவதை இன்னொரு முறை பார்க்க அவர்களுக்கு மனசில்லை. முன்வரிசையில் விழித்திருக்கும் பள்ளிப் பையன்களும், துண்டு கட்டிய பெரியவரும், தோள் கன்றிய இருவரும் மட்டும் கடைசிவரை இருக்கிறார்கள். பேத்தியும் இருக்கிறாள். குழந்தை தூங்கிவிட்டது, எழுந்தால் அழும்.

அடுத்த பங்குனிக்குப் படம் தேர்ந்தெடுக்கப்போகிறவர்களுக்கு ஒரு யோசனை: 'அன்னக்கிளி' போடுங்கள். 1976-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படம், இளையராஜாவின் முதல் படம். எடுத்தது மாயாற்றங்கரைத் தெங்குமரஹாடாவில். மாயாறு பவானியில் சேர்கிறது, பவானி கூடுதுறையில் காவிரியோடு சேர்கிறது. ஆகவே அதற்கும் இந்த ஊரில் உரிமை உண்டு. கதையில் டூரிங் கொட்டகை வேறு வருகிறது, நாற்காலி வரிசைக்குக் கொண்டாட்டமாக இருக்கும். இழுபடாத பிரதியாகப் பார்த்து வாங்குங்கள். பெண்கள் பக்கம் இருக்கும் ஸ்பீக்கரை மட்டும் கொஞ்சம் குறைத்து வையுங்கள். அங்கே நடக்கிற பேச்சு படத்தைவிட நன்றாக இருக்கிறது.