பொறையும் பொறுமையும்

தமிழிலே ‘பொறை’ என்றொரு சொல் உண்டு. சுமை என்பதும் அதற்குப் பொருள். பொறுமை என்பதும் அதற்குப் பொருள். சுமப்பவனே பொறுப்பவன் என்பதனை நம் முன்னோர் ஒரே சொல்லுக்குள் அடக்கி வைத்தனர் போலும். அரபியிலோ பொறுமையைக் குறிக்கும் ‘ஸப்ர்’ என்னும் சொல்லின் வேர்ப்பொருள் தடுத்து நிறுத்துதல், கட்டி வைத்தல் என்பதாகும். அதே மூன்றெழுத்து வேரினின்று வந்த ‘ஸபிர்’ என்பது, கற்றாழைச் சாறு உறைந்து உண்டாகும் கசப்பான கரியபோளத்துக்குப் பெயர். முப்பது ஆண்டுகளாக இச்சொற்களை மாணவர்க்குப் பிரித்துக் காட்டிப் பாடம் நடத்தி வருகிறோம். எனினும் அவற்றின் பொருள் நம் உடம்பிலேயே இறங்கியது, ஐம்பத்து மூன்றாம் வயதில் நம் இரைப்பையின் பெரும்பகுதியை மருத்துவர் அறுத்தெடுத்த பின்னரேயாகும்.

எடைக்குறைப்பு அறுவையைப் பற்றிப் பேசுவோர் இன்று பலர். அறுவைக்கு முன்னும் பின்னும் எடுத்த இரு படங்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டும் விளம்பரங்களும் பல. அவ்விரு படங்களுக்கும் இடையே நீண்டு கிடக்கும் நாட்களைப் பற்றி, அதிலும் எடை விரைவாகக் குறையாமல் எறும்பு ஊர்வதுபோல் இறங்குவோரின் நாட்களைப் பற்றிப் பேசுவோர் சிலரே. அவ்வாறு இறங்குவோருள் ஒருவர் என்னும் முறையில் சிலவற்றைச் சகோதர சகோதரிகளின் முன் வைக்க விழைகிறோம்.

அறுவைக்குச் சென்ற காரணம்

நம் உயரம் 168 சென்டிமீட்டர். அறுவைக்கு முன் எடை 124 கிலோ. உயரத்தையும் எடையையும் கொண்டு கணக்கிடும் உடல் நிறை எண் ஏறத்தாழ 44. பன்னிரண்டு ஆண்டு நீரிழிவு, நாளுக்கு இருமுறை இன்சுலின், படியேறினால் மூச்சிரைப்பு, மடங்க மறுக்கும் முழங்கால்கள். பள்ளிவாசலில் வரிசையின் ஓரத்தில் நாற்காலி போட்டுத் தொழுது நான்கு ஆண்டுகள் கழிந்திருந்தன. பின்னால் நின்று தொழும் சிறுவர்களுக்குத் தொழுகை முறையைக் கற்பிப்பவர், தாமே நெற்றியை நிலத்தில் வைக்க இயலாதிருப்பது எத்தகைய துயரம் என்பதனை அத்துயருற்றோர் அறிவர்.

‘அல்லாஹ் தந்த உறுப்பை வெட்டலாமா?’ என வினவியவர்கள் உண்டு. அழகுக்காக வெட்டுவது வேறு, உயிரைக் காக்க வெட்டுவது வேறு என்பதே நம் விடை. பத்தாம் நூற்றாண்டிலேயே குர்துபா நகரின் அஸ்ஸஹ்ராவி, தம் ‘அத்தஸ்ரீஃப்’ நூலின் முப்பதாம் பகுதியை முற்றிலும் அறுவை மருத்துவத்துக்கே ஒதுக்கி, கருவிகளைப் படம் வரைந்தும் காட்டினார். கத்தி நம் மரபுக்குப் புதிதன்று.

ஆசிய மக்களுக்குக் குறைந்த பருமனிலேயே நீரிழிவு வந்துவிடுகிறது என்பதனால், உடல் நிறை எண் 27.5 ஆனாலே அவர்களுக்கு இவ்வறுவையைப் பரிந்துரைக்கலாம் என 2022 ஆம் ஆண்டில் இத்துறையின் அமெரிக்கச் சங்கமும் பன்னாட்டுக் கூட்டமைப்பும் சேர்ந்து வழிகாட்டின. நாமோ அவ்வெல்லையை எப்பொழுதோ கடந்திருந்தோம். நமக்குச் செய்யப்பட்டது ‘ஸ்லீவ்’ எனப்படும் முறை. இரைப்பையில் நான்கில் மூன்று பங்குக்கு மேல் அகற்றி, எஞ்சியதை வாழைப்பழம் போன்ற ஒடுங்கிய குழாயாக விட்டுவிடுவர். பசியைத் தூண்டும் ‘கிரெலின்’ என்னும் இயக்குநீர் ஜப்பானிய ஆய்வாளர்களால் 1999 இல் கண்டறியப்பட்டது. அது மிகுதியாகச் சுரக்கும் பகுதியும் அறுத்தெடுத்ததோடு போய்விடுகிறது.

எடை நின்ற நாட்கள்

முதல் மாதத்தில் எட்டுக் கிலோ குறைந்தது. மூன்றாம் மாத இறுதியில் பதின்மூன்று. அதன் பின்னர் எடைப்பொறியின் முள் ஆணியடித்தாற்போல் நின்றுவிட்டது. ஒரு வாரமன்று, இரு வாரமன்று, ஆறு வாரங்கள்! உண்பதோ ஒரு வேளைக்கு அரைக் கிண்ணம், நடப்பதோ நாளுக்கு ஒரு மணி நேரம், குறைவதோ ஒன்றுமில்லை. அதே வாரத்தில், அதே மாடியில் அறுவை செய்துகொண்ட இருபத்தொன்பது வயது இளைஞர் ஒருவர், ஓராண்டில் 150 கிலோவினின்று 98 கிலோவுக்கு இறங்கிவிட்டார். அவ்வோராண்டில் நாம் இறங்கியது 24 கிலோ.

ஒரு திருமண வீட்டில் பழகிய நண்பர் நம் தோளைத் தட்டி, “ஹஜ்ரத், டாக்டர் உள்ளே தையல் போட்டாரா, இல்லை வயிற்றைத் தடவிக்கொடுத்து அனுப்பிவிட்டாரா?” என்றார். சுற்றியிருந்தோர் நகைத்தனர், நாமும் நகைத்தோம். வீடு திரும்பும் வழியிலோ அந்நகைப்பு நெஞ்சிலே முள்ளாய்த் தைத்தது. செலவழித்த பொருள், வீட்டார் பட்ட பாடு, கடந்து வந்த வலி யாவும் வீண்தானோ என்னும் ஐயம் இரவுகளில் எழுந்தது. மெல்ல எடை குறைவோரின் உண்மையான நோய் இந்த ஐயமேயாகும்.

மருத்துவரிடம் சென்றோம். அவர் கடிந்துகொள்ளவில்லை, விளக்கினார். தொடக்கத்தில் கிடுகிடுவென இறங்குவதில் ஒரு பகுதி கொழுப்பன்று, நீர். உடம்பு சேமித்து வைக்கும் கிளைக்கோஜன் என்னும் மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் ஏறத்தாழ மூன்று கிராம் நீரைத் தன்னோடு பிணைத்து வைத்திருக்கிறது. உணவு குறைந்ததும் அச்சேமிப்புக் கரைய, நீரும் உடன் வெளியேறுகிறது. அது தீர்ந்த பின் கொழுப்புக் கரையவேண்டும். அது விரைந்து கரைவதன்று. அன்றியும், உணவு குறைவதைக் கண்ட உடம்பு பஞ்சம் வந்துவிட்டதெனக் கருதித் தன் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. 1944-45 இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில் ஆன்சல் கீஸ் என்னும் அறிஞர் 36 இளைஞரை அவர்களின் இசைவோடு ஆறு மாதம் அரைப்பட்டினியில் வைத்து ஆய்ந்தபோது, அவர்களின் உடம்பு எரிக்கும் ஆற்றல் பெரிதும் குறைந்துபோனதைக் கண்டார். வருவாய் குறைந்தால் செலவைக் குறைக்கும் நல்ல இல்லத்தரசியைப் போன்றது உடம்பு. அது நம் பகைவனன்று. நம்மைக் காப்பதாகவே எண்ணி அவ்வாறு செய்கிறது.

வயது கூடியவர்க்கும், நீண்டநாள் நீரிழிவு உள்ளவர்க்கும் எடை மெதுவாகவே குறையும் என்றும் அவர் கூறினார். இடையிடையே எடை நிற்பது பெரும்பாலார்க்கும் நேர்வதே; பொதுவாக ஓராண்டு முதல் இரண்டாண்டு வரை இறக்கம் தொடரும்; ஆதலின் மூன்றாம் மாதத்தில் தீர்ப்பெழுதுவது, விதைத்த மறுவாரமே அறுவடைக்கு அரிவாள் தீட்டுவதற்கு ஒப்பாகும்.

இதனைக் கேட்டபோது நமக்கு நினைவு வந்தது குர்துபாவின் பழைய வரலாறொன்று. லியோன் நாட்டு மன்னர் முதலாம் சாஞ்சோ, பெரும்பருமன் காரணமாகப் பிரபுக்களின் ஏளனத்துக்கு ஆளாகி 958 இல் அரியணையை இழந்தார். அவருடைய பாட்டியார், நவார் நாட்டு அரசி தோதா, பேரனைக் கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மானின் தலைநகருக்கு அழைத்துச் சென்றார். கலீஃபாவின் அவையில் இருந்த யூத மருத்துவர் ஹஸ்தாய் இப்னு ஷப்ரூத் அவருக்கு மருத்துவம் செய்தார். எடை குறைந்த சாஞ்சோ, குர்துபாவின் படைத்துணையோடு அரியணையை மீளப் பெற்றது 960 இல். முஸ்லிம் கலீஃபா, யூத மருத்துவர், கிறிஸ்தவ நோயாளர், உடன் நின்ற ஒரு பாட்டியார்! ஏளனம் அன்றும் இருந்தது. மருத்துவத்துக்குக் காலம் அன்றும் பிடித்தது.

வேறு அளவுகோல்கள்

அரபி இலக்கணத்தில் ‘வஸ்ன்’ என்பதொன்று உண்டு. அச்சொல்லுக்கு எடை என்பதே பொருள். ஒவ்வொரு சொல்லையும் ஒரு வாய்பாட்டில் வைத்து நிறுத்துப் பார்ப்பது ஸர்ஃப் பாடத்தின் முதற்படி. ‘காத்திப்’ என்றால் எழுதுபவன். ‘காத்தில்’ என்றால் கொலை செய்பவன். இரண்டும் ‘ஃபாஇல்’ என்னும் ஒரே வஸ்னில் அமைந்தவை. எடை ஒன்று, பொருளோ வெவ்வேறு! உடம்பின் எடையும் இத்தகையதே. நூறு கிலோ எனப் பொறி காட்டலாம். அந்த நூறில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, இரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு என்பதனை அது சொல்லாது.

ஆகவே வாரத்தில் ஒருநாள் மட்டும் எடை பார்ப்பதென்றும், மற்ற அளவுகளைக் குறிப்பேட்டில் எழுதுவதென்றும் முடிவு செய்தோம். மூன்றாம் வாரத்திலேயே இன்சுலின் நிறுத்தப்பட்டிருந்தது. மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி 9.4 இலிருந்து 6.6 ஆகியது. இடுப்புச் சுற்றளவு, எடை நின்றிருந்த அந்த ஆறு வாரங்களிலும் மூன்று சென்டிமீட்டர் குறைந்திருந்தது. பதினான்காம் மாதத்தில் ஒரு வைகறை, நாற்காலியைச் சுவரோரம் வைத்துவிட்டு வரிசையில் நின்றோம். ஐந்தாண்டுகளுக்குச் சற்று மேல் கழிந்த பின், நெற்றி நிலத்தைத் தொட்டது. எழ மனமில்லாதிருந்தோம். அன்று எடை பார்க்கும் நாள். பொறி காட்டிய எண் முந்தைய வாரத்தைவிட 200 கிராம் கூடுதல்!

ஸ்வீடன் நாட்டில் 1987 இல் தொடங்கி நாலாயிரம் பேருக்கு மேல் பின்தொடர்ந்த ஆய்வொன்று உண்டு. அறுவை செய்துகொண்டோரின் எடை ஓரிரு ஆண்டுகளில் மிகக் குறைந்து, பின்னர் சிறிது மீண்டு, அதன்பின் நிலைபெற்றது. பத்தாண்டு கழித்து இரைப்பைப் புறவழி முறையினர் தம் பழைய எடையில் 25 விழுக்காடும், இரைப்பையில் பட்டை கட்டியோர் 14 விழுக்காடும் குறைந்தே இருந்தனர். மெலிந்த மேனியர் ஆகிவிடவில்லை அவர்கள். ஆயினும் அறுவை செய்யாதோரைவிட அவர்களுள் இறப்பு குறைவு என 2007 இல் வெளியான முடிவு கூறிற்று. நம் எடை இன்று 97. குறைந்தது 27 கிலோ. பழைய எடையில் 22 விழுக்காட்டுக்குச் சற்றுக் குறைவு. இது தோல்வியின் கணக்கன்று.

ஸஹனும் உம்மாவும்

காயல்பட்டினம், கீழக்கரை போன்ற கடற்கரையூர்களின் விருந்தில் மூவர் நால்வர் ஒரே ஸஹனைச் சுற்றி அமர்ந்து உண்பது நம் பண்பாடு. நெய்ச்சோறும் களறிக் கறியும் குவிந்திருக்க, ஐந்தாறு பிடியோடு கையை இழுத்துக்கொள்பவர் மற்றவர்க்கு உறுத்தலாகிறார். ‘ஒரு பிடி கூடவா ஆகாது?’ என்பது அன்பின் கேள்வியே. ஆனால் அந்த ஒரு பிடி, சுருங்கிய இரைப்பைக்கு வாந்தியையும் நெஞ்சடைப்பையும் தரும். நாம் கண்ட வழி, உட்காரும் முன்பே உடனிருப்போரிடம் சொல்லிவிடுவதும், மெல்ல மென்று, மற்றவர் முடிக்கும்வரை பேச்சால் ஸஹனில் பங்குகொள்வதுமாகும். கூடியுண்பதன் சிறப்புக் கூடுவதிலும் இருக்கிறதன்றோ!

வீட்டிலோ எண்பதைக் கடந்த நம் உம்மா. “இன்னும் ஒரு பிடி தின்னு வாப்பா” என்பார்கள். ஊட்டி வளர்த்த கைக்கு, மகன் உண்ணாதிருப்பது தன்னையே மறுப்பதுபோல் தோன்றும். நம் இல்லாள் ஒரு வழி கண்டார்கள். உம்மாவின் கையாலேயே மீனை முள்ளெடுத்து, சிறு கிண்ணத்தில் வைத்துத் தரச் செய்தார்கள். நாளுக்கு அறுபது கிராம் புரதமாவது வேண்டும் என்பது மருத்துவர் கட்டளை. இரண்டு முட்டை, மீன், பருப்பு, தயிர் எனக் கூட்டிக் கணக்கெழுதுவது நம் இல்லாளின் பணி. புரதம் குறைந்தால் கொழுப்புக்கு மாறாகத் தசை கரையும். உம்மாவின் அன்பும் அளவும் இப்பொழுது ஒரே கிண்ணத்துக்குள் அடங்கிவிட்டன.

இப்பாதையில் நடப்போருக்குச் சில சொற்கள். உணவோடு நீர் அருந்தாமல் அரைமணி இடைவெளி விடுங்கள். நாள் முழுதும் மிடறு மிடறாய் அருந்துங்கள். பி12, இரும்பு, சுண்ணாம்புச் சத்து, வைட்டமின் டி ஆகியவற்றை மருத்துவர் சொல்லும் அளவில் வாழ்நாள் முழுதும் விடாதீர்கள். சில மாதங்களில் முடி கொட்டினால் கலங்காதீர்கள். பெரும்பாலும் மீண்டும் வளரும். நோன்பை மருத்துவரிடம் கேட்டே தொடங்குங்கள். முதல் ரமளானில் நமக்கு இசைவு கிட்டவில்லை, நோயாளிக்கு மார்க்கம் தந்த சலுகையை ஏற்றுப் பின்னர் களாச் செய்தோம். எடை நின்றுவிட்டதென்று உண்பதை இன்னும் குறைத்துவிடாமல், மருத்துவரிடம் சென்று காரணம் கேளுங்கள்.

உற்றார்க்கும் ஒரு வேண்டுகோள். ‘எவ்வளவு குறைந்தது?’ என்று கேளாதீர்கள். ‘நடக்க இலகுவாக இருக்கிறதா? உறக்கம் வருகிறதா?’ என்று கேளுங்கள். முதற்கேள்விக்கு விடையாக ஓர் எண்தான் கிடைக்கும். இரண்டாவது கேள்வி ஒரு மனிதரைப் பேச வைக்கும். தமிழில் ‘இளைத்தல்’ என்றால் மெலிதலும் ஆகும், சோர்தலும் ஆகும். உடல் இளைக்கும் காலத்தில் உள்ளம் இளைக்காமல் காப்பது சூழ்ந்திருப்போர் கையிலும் இருக்கிறது. எவர் எடை விரைந்து குறைந்தாலும், எவர் எடை மெல்லக் குறைந்தாலும், அனைவர்க்கும் நலத்தையும் அதனைத் தாங்கும் பொறையையும் வல்ல இறைவன் நல்குவானாக.