நிலத்தில் கிடப்பதைத் தொடாத பிள்ளைகள்

போர் முடிந்து மீள்குடியேற்றம் தொடங்கிய கையோடு, 2010இல் கிளிநொச்சி மாவட்டத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் தரம் ஒன்றைப் பொறுப்பெடுத்தேன். மேலே தறப்பாள், கீழே பாய், எழுத வெண்கட்டி. அவ்வளவுதான் வகுப்பறை. பிள்ளைகளில் பெரும்பாலானோர், போரில் இடம்பெயர்ந்தவர்களை வைத்திருந்த மெனிக் பாம் முகாமிலிருந்து வந்தவர்கள். 1999இல் நாடு முழுவதும் நடைமுறைக்கு வந்த ஆரம்பக் கல்விச் சீர்திருத்தம், முதல் இரண்டு தரங்களில் விளையாட்டையும் செயற்பாட்டையும் முன்னுக்கு வைத்து எழுத்துவேலையைக் குறைத்திருந்தது. சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் என்று ஒரு பாடமே உண்டு. பிள்ளைகளை வெளியே கூட்டிப்போய் இலை, விதை, கல் என்று பொறுக்க வைத்து, பிறகு நிறம், வடிவம், பருமன் பார்த்துப் பிரிக்க விடுவது அதில் வழமையான வேலை.

எனக்கு அது பயமாக இருந்தது. பள்ளிக்கூட வளவு மிதிவெடி அகற்றித் துப்புரவாக்கப்பட்டிருந்தது. ஆனால் வேலிக்கு அப்பால் பற்றைகளுக்குள் மண்டையோடு போட்ட சிவப்புப் பலகைகள் நின்றன. மிதிவெடி விழிப்புணர்வுக்காரர் கொண்டுவந்த படங்களில் ஜொனி மிதிவெடியைப் பார்த்தவுடன் பெயர் சொன்ன பிள்ளைக்கு, 'அ' இன்னும் எழுத வராது.

எண்ணிப் பார்க்க ஏதாவது வீட்டிலிருந்து கொண்டு வாங்கோ என்று சொன்ன நாளில், ஒரு பையன் வெறுங்கையோடு வந்தான். ஏனப்பு என்று கேட்டேன்.

"நிலத்தில கிடக்கிற ஒண்டையும் தொடக்கூடாதெண்டு அம்மா சொன்னவ, ரீச்சர்."

அந்தத் தாய் சொன்னது முழுக்கச் சரி. பழைய இரும்பு பொறுக்கப்போய்க் கையை இழந்தவர்களை வன்னி அறியும். ஆனால் அவன் சொன்ன விதம் என்னை விடவில்லை. வகைப்படுத்தலை அவனுக்குப் படிப்பிக்கத்தான் நான் வந்திருந்தேன். அவனோ எல்லாவற்றையும் தெரிந்தது, தெரியாதது என்று ஏற்கெனவே பிரித்து வைத்திருந்தான். உயிர் தப்புவதற்காகப் பழகிய பிரிப்பு. அதைக் குலைத்துவிட்டு, ஓடிப்போய்ப் பொறுக்கடா என்று சொல்லும் உரிமை எந்த வழிகாட்டி நூலுக்கும் இல்லை என்று பட்டது.

அதனால் தாய்மாரைக் கூப்பிட்டேன். பொருள் நிலத்திலிருந்து வரக்கூடாது, உங்கள் கையிலிருந்து வரட்டும் என்றேன். கறிக்குக் கரைத்த புளியின் கொட்டை, சுரண்டிய சிரட்டை, சோடாப் போத்தல் மூடி, விளக்குமாற்று ஈர்க்கு, அரிசி அளக்கும் சுண்டு எல்லாம் வந்தன. குன்றிமணியை மட்டும் திருப்பி அனுப்பினேன். பார்க்க வடிவு, ஆனால் அதன் பருப்பு கொடிய நஞ்சு. வந்த ஒவ்வொன்றையும் பிள்ளைகளுக்கு முன்னால் நான் முதலில் தொட்டு, தடவி, மணந்து பார்த்த பிறகே பாயில் வைப்பேன். சிரட்டை விளிம்பு வெட்டுமா, மூடியில் கறள் இருக்கிறதா என்று சத்தமாகச் சொல்லிக்கொண்டே பார்ப்பேன். சில நாளில் அந்தப் பையனும் என் பக்கத்தில் குந்தி, ஒவ்வொரு மூடியாகத் திருப்பிப் பார்த்துப் பிரிக்கத் தொடங்கினான்.

ஈர்க்குத்தான் எங்களுக்கு அதிகம் படிப்பித்தது. தரம் இரண்டில் பத்து ஈர்க்கை ஒரு றப்பர் வளையத்தால் கட்டுவோம். மூன்று கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் முப்பத்திரண்டு. அதிலிருந்து ஐந்தை எடு என்றேன். ஒரு சிறுமி தனியாகக் கிடந்த இரண்டையும் எடுத்தாள். பிறகு கட்டுகளைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். கட்டின் நடுவிலிருந்து ஒரு ஈர்க்கை மெதுவாக இழுத்துப் பார்த்தாள், வரவில்லை. "அவிழ்க்கட்டே ரீச்சர்?" அவிழ் என்றேன். பத்தும் பாயில் சிதறின. மூன்றை எண்ணி எடுத்தாள். மிஞ்சியது இரண்டு கட்டும் ஏழு ஈர்க்கும். பத்தைக் குலைத்தால்தான் ஒன்றுகள் கிடைக்கும் என்பதைக் கரும்பலகையில் எத்தனை தரம் எழுதியிருப்பேன்! அவளுடைய விரல்களுக்கு அது ஒரே தரத்தில் விளங்கியது. பிறகு கொப்பியில் கணக்குச் செய்யும்போதும் அவளுடைய இடது கை வளையத்தைக் கழற்றுவதுபோல் அசைவதைக் கண்டிருக்கிறேன்.

அவளுடைய தகப்பன் ஒருநாள் வந்தார். "கொப்பி வெறுமையாக் கிடக்கு ரீச்சர். அஞ்சாம் வகுப்பில புலமைப்பரிசில் எழுத வேணும், இஞ்ச விளையாட்டாம்." அவருடைய கவலை எனக்கு விளங்கியது. எல்லாவற்றையும் இழந்து வந்த குடும்பத்துக்குப் பிள்ளையின் படிப்பு ஒன்றுதான் மிச்சம். அவரைப் பாயில் இருத்தி, அந்த ஈர்க்குக் கணக்கைச் செய்து காட்டும்படி மகளிடம் சொன்னேன். அவர் தச்சுவேலை செய்பவர். கிழமை முடிய முன் மூலை மழுக்கிய முதிரைத் துண்டுகள் ஒரு பை நிறைய வந்து சேர்ந்தன.

இன்று எங்கள் பள்ளிக்கூடங்களில் கட்டடம் இருக்கிறது, நிறம் பூசிய சுவர் இருக்கிறது. சுவரில் றெஜிபோமில் வெட்டிய எழுத்துகளும் பளபளக்கும் அட்டைகளும் தொங்குகின்றன. பெரும்பாலும் பெற்றார் இரவிரவாக இருந்து செய்தவை. பிள்ளையின் கை அந்த உயரத்துக்கு எட்டாது. எட்டினால், கழன்றுவிடும் தொடாதே என்கிறோம். எனக்கு இதில் உண்மையான மனவருத்தம் உண்டு. 2003இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றலைத் தொடங்கியபோது பிள்ளைகள் தரையில் இருந்தபடி எழுதக் கரும்பலகையையே கீழே இறக்கினார்கள். நாங்கள் சாதனங்களை மேலே ஏற்றிக்கொண்டிருக்கிறோம். தொடாதே என்ற சொல்லை வன்னிப் பிள்ளை போதுமான அளவு கேட்டுவிட்டது. வகுப்பறைக்குள்ளும் அதைச் சொல்ல வேண்டியதில்லை.

வேலிக்கு வெளியே அந்தச் சொல் இன்னும் தேவை. மிதிவெடித் தடை உடன்படிக்கையில் இலங்கை 2017 டிசம்பரில் சேர்ந்தது; நிலத்தைத் துப்புரவாக்கி முடிக்க விதிக்கப்பட்ட தவணை 2028. ஆகவே ஆரம்பப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஆசிரியைமார், என்ன சாமான் வாங்கட்டும் அக்கா என்று கேட்டால், வாங்குவதைப் பிறகு பார்ப்போம், முதல் நாள் இரண்டு பாய் விரியுங்கோ என்கிறேன். ஒன்றில் வீட்டில் பழகிய பொருள்கள். மற்றதில் பிள்ளை முன்பின் கண்டிராத பொருள்களின் படங்கள். அந்தப் படங்களுக்கு முன்னால் நின்ற இடத்தில் நிற்க வேண்டும், கை படக்கூடாது, வந்த வழியே திரும்பிப் பெரியவருக்குச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு பிள்ளையும் இதைச் செய்து காட்டட்டும். பிறகு புளியங்கொட்டைப் பெட்டியைத் திறந்து, பாய் முழுக்கக் கொட்டி, அள்ள விடுங்கோ.