நெடுங்கேணியில் ஒரு மாரி

ஆலங்குடா மணலில், ஓலைக் கொட்டிலில் பிறந்தவனுக்குக் குளிரைப் பற்றி என்ன தெரியும்? கற்பிட்டிப் பக்கத்தின் உப்புக்காற்றும் வெக்கையும்தான் நான் அறிந்த காலநிலைகள். 2010 நவம்பரில், உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த நாட்களில், ஒரு தொண்டு நிறுவனத்தின் மூலமாக நெடுங்கேணிக்குத் தொண்டராசிரியராகப் போனேன். எனக்கு அப்போது 19 வயது. "போர்வை ஒண்டு கொண்டு போ மகன்" என்று உம்மா சொன்னபோது சிரித்தேன். இலங்கையில் குளிர் என்றால் அது நுவரெலியாவில் மட்டும்தான் என்பது என் எண்ணம்.

வவுனியாவைத் தாண்டி ஓமந்தையில் இறக்கி அடையாள அட்டையைப் பார்த்தார்கள். புளியங்குளத்தில் ஏ-9 வீதியை விட்டுக் கிழக்கே திரும்பியதும் வீதி என்று சொல்ல எதுவும் மிஞ்சவில்லை. குழிகள், குழிகளில் செந்தண்ணீர், இரு மருங்கிலும் காடு, காட்டோரத்தில் மிதிவெடி எச்சரிக்கைப் பலகைகள். செட்டிகுளம் முகாம்களிலிருந்து திரும்பிய சனம் காடு பற்றிய வளவுகளை வெட்டித் துப்புரவாக்கி, தகரத்தையும் தரப்பாளையும் கொண்டு மறுபடி வாழத் தொடங்கியிருந்த காலம் அது.

எனக்கு இடம் தந்தது ஓர் ஆச்சி. ஆச்சியும், அந்த டிசம்பரில் சாதாரண தரம் எழுதவிருந்த பேரனும்தான் வீட்டில். மகனைப் பற்றி ஆச்சி பேசமாட்டார். "முள்ளிவாய்க்கால் மட்டும் எங்களோட வந்தவன்" என்பதோடு நிறுத்திவிடுவார். முற்றத்தில் தனியாக ஒரு கொட்டில் எனக்கு. கூரை தகரம், சுவரின் பாதி மண், மீதி யூ.என்.எச்.சி.ஆர். எழுத்துப் பொறித்த தரப்பாள்.

முதல் வாரத்திலேயே மழை பிடித்துக்கொண்டது. வன்னியின் மாரியைக் கண்டவர்களுக்கு நான் சொல்வது மிகையாகத் தோன்றாது. அது பெய்வதில்லை, இருக்கிறது. விடியும்போதும் இருக்கிறது, பொழுதுபடும்போதும் இருக்கிறது. உடுப்புக் காய்வதில்லை. கொப்பிகள் ஊறித் தடிக்கின்றன. தீக்குச்சி உரசினால் மருந்து வழுக்கிக்கொண்டு போகிறது. வாடைக்காற்று தரப்பாளை இரவு முழுக்கப் படபடவென்று அடிக்கும். வெப்பமானியைப் பார்த்தால் 20 பாகைக்குக் கீழே அதிகம் இறங்கியிருக்காது. கனடாவில் இருக்கும் ஆச்சியின் தம்பி தொலைபேசியில் பனியைப் பற்றிச் சொல்லும்போது, எங்கள் குளிர் ஒரு பொருட்டே இல்லைதான். ஆனால் அவர்களுக்குக் கதவும் சுவரும் இருக்கின்றன. ஈர உடுப்போடு, ஈரப் பாயில், காற்றுப் புகும் கொட்டிலில் கிடப்பவனுக்கு 20 பாகை போதும், பல்லுக் கிட்டுவதற்கு.

மூன்றாம் நாள் ஆச்சி இரண்டு சாக்கைப் பிரித்துத் தைத்துக் கொண்டுவந்து தந்தார். நிவாரண மா வந்த சாக்குகள். "உள்ளுக்கு உங்கட சாரம், மேல இது. பிறகு பாருங்கோ" என்றார். உண்மைதான்.

சுபஹ்தான் எனக்குப் பெரிய சோதனை. முதல் நாள் இரவே வாளியில் பிடித்து வைத்த தண்ணீரில் வுழூ எடுக்கப் போய்க் கையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். ஆச்சி அடுப்படியிலிருந்து பார்த்துவிட்டு, "வாளித் தண்ணி விறைக்கும். கிணத்தில அள்ளுங்கோ தம்பி, அது சுடும்" என்றார். போய் அள்ளினேன். வாளியிலிருந்து மெல்லிய ஆவி எழுந்தது. பூமிக்குள் இருக்கும் தண்ணீர் தன் சூட்டை அவ்வளவு லேசில் விடுவதில்லை என்று விஞ்ஞானப் பாடத்தில் படித்திருந்தேன். படித்ததை முகத்தில் உணர்ந்தது அன்றுதான்.

சாப்பாட்டு விஷயத்தில் ஆச்சிக்கு நான் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஒருநாள் சேவலையும் கத்தியையும் கொண்டுவந்து முன்னால் வைத்து, "நீங்களே அறுங்கோ. நாங்கள் அறுத்தால் நீங்கள் தின்னமாட்டியள்" என்றார். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

"ஏன் தெரியாது? முந்தி முள்ளியவளைப் பக்கம் போனால் சோனக ஆக்களிட்டத்தானே புடவை எடுக்கிறனாங்கள். தண்ணீரூற்று, நீராவிப்பிட்டியெல்லாம் அவையள்தானே."

நான் ஒன்றும் சொல்லவில்லை. பிஸ்மில் சொல்லிச் சேவலை அறுத்தேன். அதற்கு முன் ஒரு சேவலையும் நான் அறுத்ததில்லை என்பதையும் சொல்லவில்லை.

சொல்லாமல் விட்டது இதுதான். என் வாப்பாவின் ஊர் நீராவிப்பிட்டி. 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வட மாகாணத்தின் ஐந்து மாவட்டங்களிலிருந்தும் முஸ்லிம்களை வெளியேற்றிய கதையை இந்தப் பக்கங்களின் வாசகர்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஏறத்தாழ 75,000 பேர். யாழ்ப்பாணத்தவர்களுக்குக் கொடுத்தது 2 மணித்தியாலம். வாப்பாவும் உம்மாவும் ஒரு பையோடு வந்தவர்கள். நான் அடுத்த ஆண்டு ஆலங்குடாவில் பிறந்தேன். நெடுங்கேணியில் எல்லோரிடமும் "புத்தளம்" என்றே சொல்லியிருந்தேன். அது பொய்யில்லை. மெய்யுமில்லை.

வாப்பா வாரம் ஒருமுறை எடுப்பார். சந்திக்குப் போனால்தான் போன் வேலை செய்யும். எப்போதும் ஒரே கேள்வி. "காணியப் பாத்தியா மகன்?"

"மழை வாப்பா. ரோட்டெல்லாம் தண்ணி."

மழை இருந்தது உண்மை. ஆனால் நான் அதற்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தேன். போனால் அங்கே என்ன இருக்கும் என்ற பயம் ஒன்று. இன்னொன்றை இப்போதுதான் ஒப்புக்கொள்ள முடிகிறது. எல்லாவற்றையும் இழந்து வந்திருந்த இந்தச் சனத்தின் முன்னால், "நாங்களும் இழந்தோம்" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் கணக்குக் கேட்பதுபோல் ஆகிவிடும். சொல்லாமல் இருந்தால், வாப்பாவை நானே இன்னொரு தடவை ஊரைவிட்டு அனுப்புவதுபோல் இருந்தது.

வகுப்பைப் பற்றி ஒரு வார்த்தை. தகரக் கூரையில் மழை கொட்டும்போது ஆசிரியர் வாயசைப்பதுதான் தெரியும். ஆகவே நான் பேசுவதை விட்டுவிட்டேன். பலகையில் கணக்கை எழுதுவேன், பிள்ளைகள் வந்து அடுத்த வரியை எழுதுவார்கள், பிழையென்றால் நான் கையால் அழிப்பேன். ஒரு மணித்தியாலம் ஒரு சொல்லும் இல்லாமல் கேத்திர கணிதம் நடக்கும். என் தமிழின் சோனகச் சாயலைக் கேட்டு ஆரம்பத்தில் சிரித்த பிள்ளைகளுக்கு அதற்கும் வாய்ப்பில்லாமல் போயிற்று. இன்றும் பாடசாலையில் படிப்பிக்கிறேன். அப்படியான வகுப்பு பிறகு எனக்கு அமையவில்லை.

பரீட்சை முடிந்து ஜனவரி வந்தது. மட்டக்களப்பு, அம்பாறைப் பக்கம் 10 இலட்சத்துக்கும் அதிகமானோரைப் பாதித்த வெள்ளம் அந்த மாதத்தில்தான். எங்கள் பக்கத்தில் மழை சற்று ஓய்ந்து பனி தொடங்கியது. மழைக் குளிர் வேறு, பனிக் குளிர் வேறு. மழை சத்தத்தோடு வரும். பனி சத்தமில்லாமல் வந்து எலும்பில் உட்காரும். இரவில் படுக்க முடியாமல் அடுப்படிக்குப் போய் ஆச்சியோடு நெருப்பின் முன் குந்தியிருக்கப் பழகினேன்.

தைப்பொங்கலுக்கு இரண்டு நாள் இருக்கும். சொந்த வளவுக்குத் திரும்பியபின் வரும் பொங்கல் என்று ஆச்சி பலகாரத்துக்கு அரிசி மா வறுத்துக்கொண்டிருந்தார். வறுத்ததைக் கொட்டி ஆறவைக்க இடமில்லை. சுளகு சின்னது.

"முந்தி ஒரு தட்டு வச்சிருந்தனான்" என்றார். "நல்ல பெரிசு. செம்பு, உள்ளுக்கு ஈயம் பூசினது. ஆறு பேர் சுத்தியிருந்து சாப்பிடலாம் போல அவ்வளவு அகலம். மா கொட்டினால் பத்துக் கொத்தும் பிடிக்கும்."

எனக்கு விளங்கிவிட்டது. விளங்காததுபோல் இருக்க நினைத்தேன். வாய் கேட்கவில்லை. "அது சஹன் ஆச்சி" என்றேன். "ஆறு பேர் சுத்தியிருந்து சாப்பிடத்தான் அது."

ஆச்சி அகப்பையை நிறுத்தினார். கொஞ்ச நேரம் கழித்துத்தான் பேசினார். "சோனக வீட்டுச் சாமான் எண்டு தெரியும் தம்பி. தொண்ணூறுக்குப் பிறகு கடையில வச்சு வித்தவை. கதவு, அலுமாரி, சட்டி பானை எல்லாம். மலிவு. எல்லாரும் வாங்கினவை, நானும் வாங்கினனான். விளிம்பில ஏதோ எழுத்து வெட்டியிருந்தது. எங்கட எழுத்தில்லை. நான் சாம்பல் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தன், போகேல்லை."

மா கருகிற மணம் வந்தது. இருவருமே சட்டியை இறக்கவில்லை.

"இப்ப எங்க அது?"

"2008 இல இடம்பெயரேக்க பித்தளைச் சாமானோட சேத்து வளவுக்க தாட்டுப்போட்டுப் போனனாங்கள். வந்து பாத்தால் கிடங்குதான் இருந்தது." பிறகு நெருப்பைப் பார்த்துக்கொண்டே கேட்டார். "உங்களுக்கு எந்த ஊர் தம்பி? உண்மையா."

சொன்னேன். நீராவிப்பிட்டி என்ற பெயரை அந்த மண்ணில் நான் சத்தமாகச் சொன்னது அதுதான் முதல் தடவை. ஆச்சி மன்னிப்புக் கேட்கவில்லை. நானும் எதிர்பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். கேட்டிருந்தால் என்ன பதில் சொல்லியிருப்பேன் என்பதும் தெரியாது. அவர் எழுந்து கருகின மாவைக் கொண்டுபோய் வெளியே கொட்டிவிட்டு, புதிதாக அரிசி அளந்து ஊறப்போட்டார்.

அடுத்த நாள் சந்திக்குப் போய் வாப்பாவுக்கு எடுத்தேன். எங்கள் வீட்டுச் சஹனில் எழுத்து இருந்ததா என்று கேட்டேன். சற்று யோசித்து, "இல்லையே. எங்கடதில ஒரு பக்கம் நெளிஞ்சிருக்கும். உன்ட மூத்தம்மா கிணத்தடியில போட்டது" என்றார். பிறகு, "ஏன் கேக்கிறாய்?" என்றார். சொன்னேன். மறுமுனையில் நீண்ட நேரம் சத்தமில்லை. இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்தேன். "அந்த மனுசி உனக்குச் சோறு தாறாவா?" என்று கேட்டார். ஓம் என்றேன். "அப்ப சரி. என்ன எழுத்தெண்டு கேட்டுச் சொல்லு. இஞ்ச யார்டயாவது இருக்கும்."

ஆச்சிக்கு எழுத்து நினைவில்லை. பூப்போல இருந்தது என்று மட்டும் சொன்னார்.

பெப்ரவரி தொடக்கத்தில் மறுபடி வெள்ளம். இம்முறை எங்கள் பக்கத்துக் குளங்களும் வான் பாய்ந்தன. காலபோக நெல் பல வயல்களில் சாய்ந்து கிடந்தது. தண்ணீர் வடிந்து மாதக் கடைசியில், முள்ளியவளைக்குப் போகும் உழவு இயந்திரம் ஒன்றில் இடம் கேட்டு ஏறினேன். பார்த்தால் ஆச்சி காட்டுக்கத்தியோடு பெட்டிக்குள் இருக்கிறார். "வழி தெரியாமல் எங்க போவியள்?" என்றார். நான் கூப்பிட்டிருக்கவில்லை.

ஒட்டுசுட்டான் வழியாகப் போனோம். வாப்பா சொன்ன அடையாளங்கள் ஒரு புளியமரமும், கிணற்றுக்குக் கிழக்கே இரண்டு மாமரமும். மிதிவெடி அகற்றியாயிற்றா என்று அயலில் குடியேறியிருந்தவர்களிடம் கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டு நடந்தோம். புளியமரம் இருந்தது. மற்றதெல்லாம் காடு. நாயுண்ணியும் ஈச்சையும் ஆளுயரத்துக்கு நின்றன. ஆச்சி முன்னால் வெட்டிக்கொண்டு வந்தார். வேலிக் கல் ஒன்று தெரிந்த இடத்தில் கத்தியைத் தாழ்த்திவிட்டு நின்றார். நான் தாண்டிப் போய்த் திரும்பிப் பார்த்தேன். அவர் வெளியிலேயே நின்றார்.

மூன்று மாதம் அவர் வீட்டில் நான் விருந்தாளி. "வாங்கோ ஆச்சி" என்றேன்.

செருப்பைக் கழற்றினார். முள்ளு இருக்கு என்றேன். "இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு உள்ளே வந்து, கிணற்றுக்கட்டைக் கத்தியால் தட்டிப் பார்த்து, நாலா பக்கமும் நோட்டம் விட்டார்.

"அடுப்படி எந்தப் பக்கம் இருந்தது தம்பி?"

எனக்குத் தெரியாது. நான் அங்கே பிறக்கவில்லை. போனை எடுத்தேன். ஒரு கோடுதான் காட்டியது. வாப்பா முதல் மணியிலேயே எடுத்தார்.