தோற்ற இடத்தின் பெயரில் நட்ட கல்

டிசம்பர் 2, 2025

2015 வெள்ளம் வந்து பத்து வருஷம். அன்றைக்குத் தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை. ஊரப்பாக்கத்தில் எங்கள் தெரு ஏரியாகிவிட்டது. வீட்டுக்குள் முழங்காலுக்கு மேல் தண்ணீர். பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த அப்பாவின் வேதாகமம் ஊறிப் பெருத்து, அட்டை கையோடு வந்தது. பெருமாள் கோயிலுக்குத் தவறாமல் போகும் மாடிவீட்டு அக்கா அதை வாங்கிக்கொண்டுபோய், பழைய பேப்பரைப் பக்கத்துக்குப் பக்கம் செருகி உலர்த்தித் தந்தார். அவரையும் கர்த்தர் அனுப்பினார் என்றே இன்றும் நம்புகிறேன்.

முன்பக்கத்தில் அப்பா தேதிகள் எழுதிவைத்திருந்தார். தம்முடைய திடப்படுத்தல், கல்யாணம், என் ஞானஸ்நானம். நீல மையில் எழுதிய அத்தனையும் கரைந்து கறையாகிவிட்டது. ஒரு வரி மட்டும் அழியவில்லை. 1976இல் என் தம்பி இறந்த அன்று, ஆஸ்பத்திரியில் கைக்குக் கிடைத்த பென்சிலால் அப்பா எழுதியது. தேதி, தம்பியின் பெயர், அதன்கீழ் ‘ஸ்தோத்திரம்’. அந்த நாளில் அந்த வார்த்தையை எழுத அவருக்கு எப்படி மனம் வந்தது என்று வெகுகாலம் எனக்கு விளங்கவில்லை.

டிசம்பர் 14

முதலாம் சாமுவேல் வாசித்தேன். வாசலில் ‘எபெனேசர்’ என்று பெயர் பொறித்த வீடுகள் நம்மிடையே ஏராளம். ஏழாம் அதிகாரத்தில், பெலிஸ்தரை வென்றபின் மிஸ்பாவுக்கும் சேணுக்கும் நடுவே, கர்த்தர் செய்த உதவிக்கு நன்றியாகச் சாமுவேல் நிறுத்திய கல் அது. ஆனால் நான்காம் அதிகாரத்திலேயே அந்தப் பெயர் வந்துவிடுகிறது. எபெனேசரில் பாளயமிறங்கித்தான் இஸ்ரவேலர் முறியடிக்கப்பட்டார்கள். உடன்படிக்கைப் பெட்டியையே பறிகொடுத்தார்கள். பெட்டி திரும்பி வந்தபிறகும் கீரியாத்யாரீமில் இருபது வருஷம் இருந்தது, ஜனங்கள் புலம்பிக்கொண்டிருந்தார்கள். அதற்கப்புறம்தான் இந்தக் கல். தோல்வியின் பெயரும் நன்றியின் பெயரும் ஒன்றாகவே இருக்கின்றன. இதை வாசித்தபோது அப்பாவின் பென்சில் வரி எனக்குப் புரிந்தது.

சபையில் சாட்சி சொல்ல எழுந்து, வேலை கிடைத்தது, வீடு கட்டினோம், பிள்ளை பாஸானான் என்று மட்டும் சொல்லி உட்காருவது பாதிச் சாட்சிதான்.

டிசம்பர் 21

சாட்சி என்றதும் கவிஞர் எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையை நினைத்துக்கொண்டேன். வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழாசிரியராக இருந்தவர். 1858இல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார். தாம் கிறிஸ்தவரான வரலாற்றைத் தாமே எழுதிவைத்தார். ஆங்கில எழுத்தாளர் பனியனின் பயணக் கதையைத் தழுவி அவர் பாடிய ‘இரட்சணிய யாத்திரிகம்’ நூலிலும் பயணிக்கு வழி நெடுகச் சேறும் சிறையும் உண்டு. அவற்றைக் கடந்தால்தான் மோட்ச நகரம்.

டிசம்பர் 31

பேத்தி அப்பாவின் வேதாகமத்தில் அந்தப் பென்சில் வரியைத் தடவிப் பார்த்து, “இது யாரு தாத்தா?” என்று கேட்டாள். யோர்தானிலிருந்து எடுத்த பன்னிரண்டு கற்களை யோசுவா கில்காலில் நாட்டியது, பின்னால் பிள்ளைகள் இப்படிக் கேட்கவேண்டும் என்பதற்காகத்தானே! உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். தம்பிக்கு அப்போது மூன்றே வயது, நன்றாகப் பாடுவான் என்பதையும் சொன்னேன்.

இன்றிரவு வருஷக் கடைசி ஆராதனை. வாக்குத்தத்த அட்டைக்கு நீளும் கைகளில், இந்த வருஷம் ஒருவரைப் பறிகொடுத்த கைகளும் இருக்கும். சாட்சி சொல்ல எழும்புகிறவர்களே, அவர்களை மனதில் வைத்து, நீங்கள் விழுந்துகிடந்த வருஷத்தையும் சேர்த்துச் சொல்லுங்கள்.