மரபணுவின் முகவரி

கல்லூரியில் நாம் படித்த மரபணு ஒரு சுவிட்ச். லாக்டோஸ் வந்தால் எரியும், தீர்ந்தால் அணையும். அந்தப் பாடத்தில் பிழை இல்லை. ஆயினும் பெங்களூரில் நான்கு ஆண்டுகள் பாக்டீரியாக்களோடு பழகிய பின், அதில் இரண்டு செய்திகள் விடுபட்டிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. ஒன்று, மரபணு குரோமோசோமில் எங்கே குடியிருக்கிறது என்பது. மற்றொன்று, அதைச் சுமக்கும் செல் எத்தனை வேகமாக வளர்கிறது என்பது.

ஈ.கோலையின் குரோமோசோம் சுமார் 46 லட்சம் எழுத்துகள் கொண்ட ஒரு வளையம். நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்குச் சற்று மேல் வரும். அதை மடித்து வைத்திருக்கும் செல்லோ இரண்டு மைக்ரோமீட்டர் அளவினது. பிரதியெடுப்பு ஓரிடத்தில் தொடங்கி, இரு திசைகளிலும் ஓடி, எதிர்ப்புறத்தில் முடிகிறது. இதற்கு 40 நிமிடம். பிறகு செல் பிரிய இன்னும் 20 நிமிடம். ஆனால் சத்தான ஊடகத்தில் செல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகிறது. கணக்கு இடிக்கிறதல்லவா? கூப்பரும் ஹெல்ம்ஸ்டெட்டரும் 1968இல் இதற்கு விடை தந்தனர். ஒரு சுற்று முடியுமுன்பே அடுத்த சுற்று தொடங்கிவிடுகிறது. பேத்தி பிரிவதற்கான பிரதியெடுப்பைப் பாட்டியே தொடங்கி வைக்கிறாள்.

ஆகவே வேகமாக வளரும் செல்லில், தொடக்கப் புள்ளியருகே உள்ள மரபணுவுக்கு, முடிவிடத்தருகே உள்ளதைப்போல் ஏறத்தாழ 4 மடங்கு பிரதிகள் இருக்கும். பட்டினி கிடக்கும் செல்லில் இவ்வேறுபாடு அநேகமாக மறைந்துவிடும். சுவிட்சை எவரும் தொடவில்லை! ரைபோசோம் ஆர்.என்.ஏ.வுக்கான ஏழு மரபணுத் தொகுதிகளில் பெரும்பாலானவை தொடக்கப் புள்ளியிருக்கும் பாதியிலேயே அமைந்திருப்பதைத் தற்செயல் என்று கருத எனக்கு மனம் வரவில்லை.

நம் ஊரிலேயே நடந்த ஒரு சோதனை இதை இன்னும் கூர்மையாகக் காட்டுகிறது. தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் அஸ்வின் சேஷசாயியின் ஆய்வுக்குழு 2015இல் ‘நியூக்ளிக் ஆசிட்ஸ் ரிசர்ச்’ இதழில் வெளியிட்டது அது. எச்-என்எஸ், எஸ்டிபிஏ ஆகிய இரு புரதங்கள், அயல் உயிர்களிடமிருந்து வந்து சேர்ந்த மரபணுக்களை அடக்கி வைப்பவை. இரண்டையும் நீக்கியதும், அடங்கியிருந்த மரபணுக்கள் எழுந்தன. அவற்றுள் பல முடிவிடப் பாதியில் இருப்பவை. அதேவேளை, வளர்ச்சிக்கு வேண்டிய பல மரபணுக்களின் வெளிப்பாடு தாழ்ந்தது. செல் மந்தமாக வளர்ந்தது. பின்னர் அந்தச் செல்களைத் தலைமுறை தலைமுறையாக வளர்த்து, அவை எப்படி மீள்கின்றன என்று பார்த்தனர்.

அடக்கும் புரதங்களோ திரும்ப வழியில்லை. மீண்ட செல்கள் சிலவற்றில், நெருக்கடிக் காலத்து மரபணுக்களை இயக்கும் ஆர்போஎஸ் செயலிழந்திருந்தது. இது எதிர்பார்க்கக்கூடியதே. மற்றொரு வழிதான் என்னை வியக்க வைத்தது: தொடக்கப் புள்ளியை நடுவாகக் கொண்டு, குரோமோசோமில் ஏறத்தாழ 40 விழுக்காடு பெருகியிருந்தது. இரு வழிகளும் குலைந்த சமநிலையை ஓரளவு மீட்டன. ஒருபுறம் வெளிப்பாடு ஏறினால் மறுபுறம் இறங்குகிறது, தராசுத் தட்டுகளைப் போல.

இக்கட்டுரையைப் படித்ததிலிருந்து என் மேசையில் உள்ள தரவுகளை வேறு கண்ணோடு பார்க்கிறேன். நான் வளர்க்கும் பிறழ்வுச் செல்லும் மந்தமாகவே வளர்கிறது. ஒரு மரபணுவை நீக்கினேன், நூற்றுக்கணக்கானவை மாறிவிட்டன. இவற்றில் எத்தனை அந்த மரபணு நேரடியாகச் செய்தவை, எத்தனை மந்த வளர்ச்சியின் நிழல்? இதைப் பிரிக்காமல் வெளியாகும் பட்டியல்கள் ஏராளம். அழகான வண்ணப்படங்களும் அவற்றுக்கு உண்டு. என் ஆய்வேட்டின் மூன்றாம் இயல் இந்தப் பிரிப்பையே நம்பி நிற்கிறது.

எனவே ஆர்.என்.ஏ.வுடன் டி.என்.ஏ.வையும் வரிசைப்படுத்தி, ஒவ்வொரு பகுதிக்கும் எத்தனை பிரதிகள் என்று எண்ணுகிறேன். இயல்புச் செல்லையும் சத்துக் குறைந்த ஊடகத்தில் வளர்த்து, இரண்டின் வேகத்தையும் சமமாக்கி, பிறகே ஒப்பிடுகிறேன். முதல் சுற்றில் பட்டியல் பாதிக்கும் மேல் சுருங்கிவிட்டது. எஞ்சியவற்றில் பதினொன்று முடிவிடத்தைச் சுற்றியே இருக்கின்றன. ஏனென்று வழிகாட்டி கேட்டிருக்கிறார். வியாழக்கிழமை வரை அவகாசம்.